16க்கு 2 எல்சிடியில தமிழ் எழுத்து காட்டின அனுபவம்

மொட்டை மாடி தண்ணி டேங்க்ல எவ்ளோ தண்ணி இருக்குன்னு கிச்சன்ல தெரியணும், அதுவும் அம்மா படிக்கிற மாதிரி தமிழ்ல வரணும், இதான் ப்ராஜெக்ட். ப்ரோக்ராம் ஓட ஆர்டுயினோ ஊனோங்கற சின்ன போர்டு, பின்னாடி ஐ2சி போர்டு (ரெண்டே வயர்ல டேட்டா அனுப்புறது) ஒட்டின 16க்கு 2 எல்சிடி, அதாவது வரிக்கு 16 எழுத்து ரெண்டு வரி டிஸ்ப்ளே, தண்ணி மட்டம் அளக்க ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், தண்ணி ஏத்துற மோட்டார ஆன் ஆஃப் பண்ண ரிலே.

வயரிங் பெருசா ஒண்ணும் இல்ல. ஐ2சி இல்லாம நேரா மாட்டினா கன்ட்ரோலுக்கும் டேட்டாவுக்கும் மட்டும் ஆறு பின் போயிடும், ஐ2சியில கிரவுண்டு, 5 வோல்ட், ஏ4ல எஸ்டிஏ (டேட்டா வயர்), ஏ5ல எஸ்சிஎல் (கிளாக் வயர்), அவ்ளோதான். லைட் எரியுது எழுத்து வரலன்னா முதல்ல பின்னாடி இருக்குற நீலக் கலர் ப்ரீசெட்ட (எழுத்தோட அழுத்தத்த கூட்டிக் குறைக்கிற திருகு) சின்ன ஸ்க்ரூ டிரைவரால திருப்புங்க. மேல் வரியில மட்டும் கட்டம் கட்டமா கருப்பா நின்னா டிஸ்ப்ளேக்கு கரண்ட் வருது ஆனா கமாண்ட் போகலன்னு அர்த்தம், ஐ2சி ஸ்கேனர்ங்கற சின்ன ப்ரோக்ராம ஓட்டி, ஐ2சி போர்டு எந்த அட்ரஸ்ல (நம்பர்ல) பேசுதுன்னு பாத்துடுங்க. அந்த போர்டுல பிசிஎஃப்8574 சிப்னா பெரும்பாலும் ஹெக்ஸ் 27 (கோடுல 0x27), பேருல ஏ சேர்ந்த சிப்னா ஹெக்ஸ் 3எஃப்.

இப்போ தமிழுக்கு வரேன். இந்த மாதிரி டிஸ்ப்ளேல எழுத்து காட்டுற சிப் எச்டி44780, இல்லன்னா அதோட காப்பி, நம்ம மார்க்கெட்ல கிடைக்கிறதுல இங்கிலீஷோட ஜப்பான் கட்டகானா எழுத்துகூட ரெடியா இருக்கு, தமிழ் இல்ல. நாமளா வரைஞ்சுக்க எட்டே எட்டு இடம், ஒவ்வொண்ணும் 5 புள்ளி அகலம் 8 புள்ளி உயரம். அதனால வார்த்தையைத்தான் யோசிச்சு எடுக்கணும். "தண்ணீர்"னு எழுதப் போனா ண-வோட சுழி அஞ்சு புள்ளிக்குள்ள அடங்கவே அடங்காது. நான் எடுத்தது காலி, பாதி, முழு. க, ா, லி, ப, தி, மு, அதோட ழு-வுக்கு ரெண்டு கட்டம், மொத்தம் சரியா எட்டு! துணைக்கால் ரெண்டு வார்த்தைக்கும் பொதுங்கறதாலதான் இது நடந்துச்சு.

ஒவ்வொரு புள்ளி வரிக்கும் ஒரு நம்பர், அஞ்சு புள்ளிக்கும் இடமிருந்து 16, 8, 4, 2, 1னு மதிப்பு, கருப்பாகுற புள்ளியோடத மட்டும் கூட்டிக்கணும். ப ரொம்ப சுலபம், முதல் ஆறு வரிக்கு 17, ஏழாவதுக்கு 31, கடைசிக்கு 0. மு-வுக்கு கீழ சுழிக்க இடம் விடணும், அதனால ம-வ மேல அஞ்சு வரிக்குள்ள சுருக்கணும். ழு ரெண்டு கட்டத்துல வர்றதால நடுவுல ஒரு சின்ன இடைவெளி விழும், ஆனா நாலடி தள்ளி நின்னு பாத்தா கண்ணு தானா சேத்துக்குது. கட்டக் கட்டமா இருக்குற கணக்கு நோட்டுல பென்சிலால வரைஞ்சு பாக்குறதுதான் இதுக்கு பெஸ்ட், ஆன்லைன் டூல்ல நல்லா தெரியறது நிஜ டிஸ்ப்ளேல வேற மாதிரி தெரியும்.

கோடுல கிரியேட்சார் (நாம வரைஞ்ச எழுத்த டிஸ்ப்ளேல ஏத்துற கமாண்ட்) கூப்பிட்ட உடனே பிரிண்ட் பண்ணாதீங்க, நடுவுல செட்கர்சர் (எந்த இடத்துல எழுதணும்னு சொல்ற கமாண்ட்) கட்டாயம், இல்லன்னா அடுத்து அனுப்புறது ஸ்கிரீனுக்குப் போகாம எழுத்து மெமரிக்குள்ளயே போய் விழும். இன்னும் வார்த்தை வேணும்னா ஓடும்போதே அந்த எட்டையும் மாத்தி எழுதிக்கலாம், ஆனா ஸ்கிரீன்ல ஏற்கனவே நிக்கிற எழுத்தும் சேர்ந்து மாறிடும்.

வீட்ல மாட்டினப்புறம் வந்த ஒரே தலைவலி மோட்டார். அது ஸ்டார்ட் ஆகுறப்போ டிஸ்ப்ளேல கண்டபடி ஏதேதோ எழுத்து வரும், ஆனா ஊனோ பாட்டுக்கு சரியா ஓடிட்டு இருக்கும். காரணம், ஐ2சி போர்டு ஒரு எழுத்த நாலு நாலு பிட்டா ரெண்டு தடவையில அனுப்புது, மோட்டார் கிளப்புற மின் இரைச்சல்ல (நாய்ஸ்) ஒரு பாதி தவறிட்டா அதுக்கப்புறம் எல்லாமே ஒரு பாதி தள்ளித்தான் போகும். ரிலே போட்டு ரெண்டு செகண்டு கழிச்சு டிஸ்ப்ளேய மறுபடி இனிட் பண்றேன் (முதல்லேர்ந்து ஸ்டார்ட் பண்றேன்), ஊனோவுக்கு தனி அடாப்டர், டிஸ்ப்ளே வயர் ஒரு ஜாண்தான். இப்போ தொந்தரவு இல்ல.

ழு-வ ஒரே கட்டத்துல படிக்கிற மாதிரி யாராச்சும் வரைஞ்சிருந்தா அந்த எட்டு நம்பரையும் போடுங்க, மிச்சமாகுற கட்டத்துல மோட்டார் ஓடுதுன்னு ஒரு குறி வைக்கணும்.