பிரெஞ்சுப் புரட்சி: “ஏன் 1789-இல்?” என்று கேட்டால் என்ன எழுதுவது?

மேல்புறம் மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறும் படிக்கிறேன். “பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களையும் விளைவுகளையும் ஆராய்க” என்று ஒப்படைப்பு. அரசியல், சமூகம், பொருளாதாரம், சிந்தனையாளர்கள் என்று நான்கு தலைப்புப் போட்டு, மூன்று வகுப்பினர் (குருமார், பிரபுக்கள், பொதுமக்கள்), வரிச்சுமை, பதினாறாம் லூயியின் திறமையின்மை, ரூசோ, வால்டேர் எல்லாவற்றையும் எழுதினேன். திருத்தியவர் ஓரத்தில் சிவப்பு மையில், “இவை 1775-இலும் இருந்தனவே, ஏன் 1789?” என்று எழுதிப் பத்துக்கு நான்கு போட்டிருக்கிறார். “சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் உலகெங்கும் பரவின” என்று விளைவுகளை முடித்திருந்தேன். அதன் பக்கத்தில் வெறும் கேள்விக்குறி. எப்படித் திருத்தி எழுதுவது?

குளச்சல்வாசி:

நான்கு தலைப்பு போதும், தங்கச்சி. தலைப்புக்கு அடிக்கோடு போட்டு எழுதுங்கள். நான் அப்படித்தான் தேறினேன்.

தக்கலை வாத்தியார்:

தேறுவதற்கு அது போதும், தம்பி. அந்தப் பெண் கேட்பது வேறு.

மக்களே, உனக்குத் திருத்தியவர் நல்ல ஆசிரியர். 1775 என்ற ஆண்டை அவர் சும்மா எழுதவில்லை. அந்த ஆண்டு வசந்தத்தில் பாரிஸைச் சுற்றிலும் ரொட்டி விலைக்காகப் பெரிய கலகம் நடந்தது. ‘மாவுப் போர்’ என்றே அதற்குப் பெயர். பசி இருந்தது, வரி இருந்தது, அதே லூயிதான் அரியணையில் இருந்தான். படை வந்தது, கலகம் அடங்கியது. அப்படியானால் மக்கள் ஏன் கொதித்தார்கள் என்பது பாதிக் கேள்விதான். அரசனால் ஏன் இந்த முறை அடக்க முடியவில்லை என்பது மறுபாதி. கைடுகள் இந்த மறுபாதியைத் தொடுவதே இல்லை.

கஜானாவிலிருந்து தொடங்கு. அமெரிக்க விடுதலைப் போருக்குக் கடன் வாங்கிச் செலவழித்தார்கள். 1788 வாக்கில் அரசின் வருவாயில் பாதிக்கு மேல் கடனுக்கே போயிற்று. பிரபுக்களிடம் வரி கேட்டார்கள். 1787-இல் கூட்டிய பிரமுகர் சபை கையை விரித்தது. 1788 ஆகஸ்டில் அரசு தன் கொடுப்பனவுகளையே நிறுத்தி வைக்க வேண்டிய நிலை. அதே மாதத்தில்தான், 1614-க்குப் பிறகு கூடாத மூன்று வகுப்பினர் சபையை மறு ஆண்டு மே மாதம் கூட்டுவதாக நாள் குறித்தார்கள். பணமில்லாத அரசன் தானே கூட்டிய சபை அது. அது கூடியிராவிட்டால் மூன்றாம் வகுப்பார் 1789 ஜூன் 17 அன்று தங்களைத் தேசிய சபை என்று அறிவிக்க இடமே இருந்திருக்காது.

இதற்கு நடுவில் வானமும் கைவிட்டது. 1788 ஜூலை 13 அன்று ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்தது. பின்னாலேயே கடும் குளிர்காலம். பாரிஸில் எட்டு ஒன்பது சூ (அந்நாளைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு) விற்ற நான்கு பவுண்டு ரொட்டி, 1789 பிப்ரவரியில் பதினான்கரை சூ. கூலியாளின் நாள் வருமானம் 20 முதல் 30 சூ. ரேஷன் அரிசி இல்லாத ஒரு வீட்டில் பாதிக் கூலி சோற்றுக்கே போனால் என்ன ஆகும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாகப் படை. 1789 ஜூலை 14 அன்று பாரிஸ் மக்கள் தாக்கிப் பிடித்த பாஸ்டில் சிறையில் இருந்த கைதிகள் ஏழே பேர். கூட்டம் முக்கியமாகத் தேடிப் போனது வெடிமருந்தை. அன்று அரசனின் காவல்படையினரில் பலர் பீரங்கியோடு மக்கள் பக்கம் நின்றார்கள். 1775-க்கு இதுதான் பதில்.

தலக்குளத்துக்காரன்:

வாத்தியாரே, ஒரு சந்தேகம். அதே காலத்தில், 1799-இல், எங்கள் ஊர் வேலுத்தம்பியும் நாஞ்சில் நாட்டு மக்களைத் திரட்டித் திருவனந்தபுரத்துக்குப் போனாரே. அதுவும் பணமில்லாத அரசு, கட்டாய வசூல். திருவிதாங்கூரில் ஏன் முடியாட்சி விழவில்லை?

தக்கலை வாத்தியார்:

நல்ல கேள்வி, அண்ணாச்சி. வகுப்பில் இதைக் கேட்டால் பலர் “இங்கே மன்னரைத் தெய்வமாகப் பார்த்தார்கள்” என்பார்கள். 1750-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்தது உண்மைதான். ஆனால் லூயியும் ரைம்ஸ் பேராலயத்தில் புனித எண்ணெய் பூசி முடிசூடியவன்தான். ஆகவே அந்தக் காரணம் தனியாக நிற்காது.

வேலுத்தம்பி கேட்டது மந்திரிகளைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்பதைத்தான். மந்திரி ஜெயந்தன் நம்பூதிரியை அன்றைய மன்னர் பாலராம வர்மா நீக்கினார்; மற்ற இரு மந்திரிகளுக்குக் கசையடி கிடைத்தது, காதும் போயிற்று. கோரிக்கை நிறைவேறியது, கூட்டம் கலைந்தது. சில ஆண்டுகளில் வேலுத்தம்பியே தளவாய், அதாவது தலைமை மந்திரி. வரிக் கொள்கையைத் தீர்மானிக்க உரிமை கேட்கும் சபை எதுவும் இங்கே கூடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியுடன் 1795-இல் செய்த உடன்படிக்கையால் அரியணைக்கு வெளியிலிருந்து ஒரு படையும் காவல் இருந்தது. லூயிக்கு அப்படி ஒரு படை 1789-இல் கிடைக்கவில்லை. 1792-இல் ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் படையெடுத்து வந்ததும் அவனைக் காப்பாற்றவில்லை. துரோகி என்ற பழிதான் ஏறியது. 1793 ஜனவரி 21 அன்று தலை போயிற்று.

மேல்புறம் மாணவி:

மிக்க நன்றி, சார். விளைவுகளுக்கும் இப்படி ஒரு சோதனை இருக்கிறதா? கடைசியில் நெப்போலியன் பேரரசன் ஆகிவிட்டான், பிறகு பழைய அரச குடும்பமே திரும்பி வந்துவிட்டது. எதுவுமே மிஞ்சவில்லை என்று எழுதலாமா?

தக்கலை வாத்தியார்:

நீ கேட்டதிலேயே சோதனை இருக்கிறது. 1814-இல் திரும்பி வந்த பதினெட்டாம் லூயியால் எதைத் திரும்பப் பெற முடியவில்லை என்று பார். 1789-இல் பறிமுதலாகி விற்கப்பட்ட திருச்சபை நிலம் வாங்கியவர்களிடமே இருக்கும் என்று அவனே சாசனத்தில் ஒப்புக்கொண்டான். வாங்கியவர்களில் பெரும்பாலோர் நகரத்துப் பணக்காரர்களும் கொஞ்சம் வசதியான விவசாயிகளும். நிலமற்றவனுக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. பிரபுக்களுக்குக் கட்டிவந்த நிலமானியக் கட்டணங்கள் திரும்பவில்லை. 1804-இன் சிவில் சட்டமும் நிலைத்தது.

இழந்தவர்கள் கணக்கையும் சேர். பெண்களின் சங்கங்களை 1793 அக்டோபரில் புரட்சி அரசே தடை செய்தது. பிரெஞ்சுக் காலனிகளில் 1794-இல் ஒழித்த அடிமை முறையை 1802-இல் நெப்போலியன் மீண்டும் கொண்டுவந்தான். அப்படி ஒரு காலனியாக இருந்த ஹைட்டியின் மக்கள் ஏற்காமல் போரிட்டு 1804 ஜனவரி முதல் நாள் விடுதலையை அறிவித்தார்கள். உன் ‘சமத்துவம் பரவியது’ என்ற வரிக்கு அருகே கேள்விக்குறி வந்தது இதற்காகத்தான் இருக்கும்.

பத்து மதிப்பெண் என்றால் மூன்று பக்கத்தைத் தாண்டாதே. முதல் வரியை 1788 ஆகஸ்டில் தொடங்கு. ரூசோவுக்கு ஒரு பத்தி போதும்.