ஊர்த் திருவிழா மைக் செட்: 75 டெசிபெல் கணக்கு எங்கே இடிக்கிறது?

சவுண்டு சர்வீஸ்காரர்:
"75 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) வரைக்கும் போடலாமே" என்றுதான் எல்லா விழாக் கமிட்டியும் ஆரம்பிக்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படிச் சொல்லவில்லை. பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்குரிய வரம்போடு 10 கூட்டுங்கள்; அந்தக் கூட்டுத்தொகை, 75 ஆகிய இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சம். குடியிருப்புத் தெருவுக்குப் பகல் வரம்பு 55. ஆக 65-தான். கடைவீதிக்கு 65 என்பதால் அங்கே 75 கிடைக்கும். சொந்த வீட்டு மொட்டைமாடி விசேஷத்துக்குக் கூட்டல் வெறும் 5.

பாக்ஸுக்கு ஒரு மீட்டர் முன்னால் 100 என்று வையுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 குறையும்: 2 மீட்டரில் 94, 4-ல் 88, 8-ல் 82, 16-ல் 76, 32-ல் 70. 65-க்கு இறங்க ஐம்பத்தைந்து மீட்டருக்கு மேல் போகணும். அதற்குள் எத்தனை வீட்டு வாசல் வந்துவிடும்! மேடையில் ரெண்டு பெரிய பாக்ஸை அடுக்காமல், பந்தல் நெடுக சின்ன பாக்ஸ்களை உள்பக்கம் பார்த்து, சற்றுக் கீழே சாய்த்துக் கட்டுவதுதான் வழி.

ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பவர்:
கூம்பு வடிவக் குழாய் ஒலிபெருக்கியைக் கழற்றச் சொல்லி போலீஸ் வந்துபோன மறுநாளே பெட்டி ஸ்பீக்கர் மாட்டுகிறார்கள். பிறகு புகை. குழாய்கள் பெரும்பாலும் 100 வோல்ட் லைனில், டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓடுபவை. 8 ஓம் பெட்டியை அதே முனையில் நேரடியாகக் கொடுத்தால் வாய்ஸ் காயில் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) கருகும். லைன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டி வாங்குங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் தேர்ந்தெடுத்த முனையின் (டேப்பிங்) வாட்டையெல்லாம் கூட்டினால் ஆம்ப்ளிஃபயரின் வாட்டைத் தாண்டக் கூடாது.

இன்னொன்று: ஒரு வாட் கொடுத்தாலே குழாய் ஒரு மீட்டரில் நூறைத் தாண்டிவிடும், பெட்டி தாண்டாது. "சத்தமே வரலை" என்று குமிழை முழுசாகத் திருப்பிக் கரகரக்க விடாதீர்கள். ஒலிச் சோதனையில் முடிவான இடத்தில், குமிழ் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுங்கள். கச்சேரி போகப் போகக் காது மரத்து, கை தானாக ஏற்றும்.

அளவீடு பார்ப்பவர்:
மீட்டரில் 62 காட்டும், எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். ரெண்டும் உண்மைதான். விதியிலுள்ள 'ஏ' அளவு காது கேட்கும் விதத்தை ஒட்டியது; 63 ஹெர்ட்ஸ் பேஸில் (தாழ்ந்த அதிர்வு ஒலி) 26 டெசிபெல்லைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். அதே இடத்தில், பேஸை அவ்வளவாகக் கழிக்காத 'சி' அளவும் எடுங்கள். வித்தியாசம் 15-க்கு மேல் போனால் தொல்லை பேஸ் பெட்டியிலிருந்து. சுவர் மூலையிலிருந்து அதை இழுத்து வைத்து, 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினாலே பாதிச் சண்டை தீரும். போன் ஆப்பை நம்பி வாக்குவாதத்தில் இறங்காதீர்கள். அந்த மைக் பேஸைச் சரியாகப் பிடிக்காது. சுவரை ஒட்டி நின்று அளந்தால் எதிரொலியில் அளவு கூடும்.

அனுமதி விவகாரம் தெரிந்தவர்:
எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கியே கூடாது. மனுவில் தேதி, நேரம், பெட்டிகளின் எண்ணிக்கை, அவை பார்க்கும் திசை எல்லாம் எழுதுங்கள். அனுமதித் தாள் இருந்தாலும் டெசிபெல் வரம்பு போய்விடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் தடை. 10 முதல் 12 வரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்குத்தான், அதுவும் பண்டிகைகளுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல். ஸ்டேஷனில் கேட்டு வாங்கும் சலுகை அல்ல அது.

"சாமி காரியம்" என்ற வாதமும் எடுபடாது. சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி வழக்கில், ஒலிபெருக்கி வைத்து வழிபடச் சொல்லி எந்த மதமும் விதிக்கவில்லை என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

புகார் கொடுப்பவர்களுக்கு: 100-க்குக் கூப்பிட்ட நேரத்தைக் குறித்து வையுங்கள். மறுநாள் எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் சீட்டு) வாங்குங்கள். இரவுத் தடையை மீறியதற்கு மீட்டர் கணக்கே தேவையில்லை, கடிகாரம் போதும்.