அகலேசியா: கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கிட்டே டெஸ்ட், சிகிச்சை செய்யலாமா?

திருமங்கலம்_தாய்:
குழந்தைக்கு நாலு மாசம், தாய்ப்பால் மட்டும்தான். எனக்குச் சோறும் நெஞ்சுல நிக்குது, தண்ணியும் நிக்குது. படுத்தா சாப்பிட்டது அப்படியே மேல வருது. எண்டோஸ்கோப்பியில அடைப்பு இல்லை. அகலேசியாவா இருக்கலாம், அதாவது உணவுக்குழாயோட கீழ்வாசல் தசை சரியா விரியாத நோய்ங்கறாங்க. பேரியம் கரைசலைக் குடிச்சு எடுக்கற எக்ஸ்ரே, உணவுக்குழாய் அழுத்தத்தை அளக்கற மேனோமெட்ரி ரெண்டும் எடுக்கணும்கறாங்க. பாலை நிறுத்தணுமா?

வைகைக்கரை:
வேண்டாம்மா. பேரியம் ரத்தத்துல சேராது, பாலுக்கும் வராது. எக்ஸ்ரே கதிரும் பால்ல தங்காது. எடுத்த கையோட கொடுக்கலாம். நின்னபடி குடிச்சு 1, 2, 5 நிமிஷத்துல படம் எடுக்க முடியுமான்னு கேளுங்க. எவ்வளவு உயரத்துக்குத் தேங்குதுன்னு அளந்து வச்சாத்தான், சிகிச்சைக்குப் பிறகு ஒப்பிட முடியும். மேனோமெட்ரிக்கு மயக்க மருந்தே கிடையாது. மூக்கு வழியா மெல்லிய குழாய் விட்டு, 5 மில்லி தண்ணியா விழுங்கச் சொல்வாங்க. அகலேசியாவுல மூணு வகை இருக்கு, எந்த வகைன்னு அதுலதான் தெரியும். இதைத் தவிர்க்காதீங்க. மூணாவது வகைன்னா பலூன் விட்டு விரிக்கறது அவ்வளவா பலிக்காது, வாய் வழியா எண்டோஸ்கோப் விட்டு தசையை வெட்டற போயெம்தான் நல்லது.

வார்டு_சிஸ்டர்:
கவனம் வேண்டியது பட்டினியில. அகலேசியாவுல உணவுக்குழாய்க்குள்ள பழைய சோறு தேங்கி நிக்கும். மயக்கத்துல அது நுரையீரலுக்குப் போனா ஆபத்து. அதனால சிகிச்சைக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு நாள் திரவம் மட்டும்னு சொல்வாங்க. கஞ்சி, மோர், பருப்புத் தண்ணின்னு விடாம குடிக்கலைன்னா பால் குறையும். காலையில முதல் ஆளா எடுக்கச் சொல்லிக் கேளுங்க. உள்ள போறதுக்கு முன்னாடி பால் கொடுத்துட்டு, பீய்ச்சியும் வச்சிடுங்க. மதுரை வெயிலுக்கு உடனே ஃபிரிட்ஜ்ல வைக்கணும். வீட்டுல உள்ளவங்க பாலாடையில புகட்டட்டும். மயக்கத்துக்கு மிடசோலம், புரோபோஃபால், ஃபென்டனில் ஒரு தடவை போட்டிருந்தா, நல்லாத் தெளிஞ்சு குழந்தையை நீங்களே பிடிக்க முடிஞ்சதும் கொடுக்கலாம். வலிக்கு பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போதும். டிரமடால், கோடீன் எழுதினா பால் கொடுக்கிறதைச் சொல்லி மாத்தச் சொல்லுங்க.

சிகிச்சைன்னா, பலூன் 30 மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சு தேவைப்பட்டா 35, 40. குழாய் கிழியற ஆபத்து கொஞ்சம் உண்டு. லேப்ராஸ்கோப்பியில தசையை வெட்டறது ஹெல்லர். அதையே வாய் வழியா செய்யறது போயெம், இதுல பின்னாடி எதுக்களிப்பு அதிகம். அதுக்குத் தர்ற பேன்டோபிரசோல் பால்ல மிகக் கொஞ்சம்தான் வரும். தசையைத் தளர்த்தற போடாக்ஸ் ஊசியோட பலன் சில மாசத்துல விட்டுடும், இந்த வயசுக்கு முதல் தேர்வு இல்லை. பெரியாஸ்பத்திரி இரைப்பை குடல் பிரிவுல காட்டுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா முன் அனுமதியை முதல்லயே கேளுங்க.

கேழ்வரகுக்கஞ்சி:
இன்னொண்ணு, யாரும் சொல்லாதது. மாசக்கணக்கா எதுக்களிச்சு, வடிச்ச சோத்துக் கஞ்சியை மட்டும் குடிச்சா தாய்க்குத் தயமின் (வைட்டமின் பி1) குறையும், பால்லயும் குறையும். குழந்தை குரல் கம்மி அழுதா, மூச்சு வாங்கினா, வாந்தி எடுத்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. உங்களுக்கும் தயமின், பி12 தேவையான்னு கேளுங்க. பால் கொடுக்கற முதல் ஆறு மாசம் தினம் 600 கலோரி கூடுதலா வேணும். கேழ்வரகுக் கூழ், பாசிப்பருப்பு, மசிச்ச முட்டைன்னு ஆறேழு தடவையா பிரிச்சுச் சாப்பிடுங்க. பரோட்டா, சப்பாத்தி வேண்டாம். ஐஸ் தண்ணியும் நெஞ்சைப் பிடிக்கும்.

திருமங்கலம்_தாய்:
நன்றிக்கா. ராத்திரி படுத்துக்கிட்டே பால் கொடுக்கலாமா?

வார்டு_சிஸ்டர்:
இப்போதைக்கு வேண்டாம் தாயி, புரையேறும். சுவத்துல சாஞ்சு உக்காந்து கொடுங்க. கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூணு மணி நேரமாவது விடுங்க, கட்டில் தலைமாட்டுக் கால்களுக்கு ரெண்டு ரெண்டு செங்கல் கொடுங்க. காய்ச்சலோட இருமல் வந்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க.