சமையலறைக் குழாயில் மட்டும் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது

மொட்டைமாடி:
போர் தண்ணீர், உப்பு அதிகம். குளியலறைக் குழாய்களில் வேகம் நன்றாக இருக்கிறது. சமையலறை சிங்க் குழாயில் மட்டும் நூலாக வருகிறது, கொஞ்சம் பக்கவாட்டிலும் பீய்ச்சுகிறது. குழாயையே மாற்றணுமா?

திருகாணி:
வேண்டாம் சார். ஒரு குழாயில் மட்டும் என்றால் எடுத்த எடுப்பில் டேங்க், பைப் மேல் சந்தேகம் வேண்டாம். குழாய் வாயில் திருகி வைத்திருக்கும் சல்லடை (கடையில் ஏரேட்டர் என்பார்கள்) அடைத்திருக்கும். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தபடி கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் திருகுங்கள். மேலே நின்று பார்த்துத் திருகுகிறவர்கள் திசை மாறி இன்னும் இறுக்கிவிடுவார்கள். பிளையர் போடுவதானால் துணி சுற்றிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் குரோம் உரிந்துவிடும். சிங்க் ஓட்டையை முதலில் மூடிவிடுங்கள், வாஷர் உள்ளே போனால் போனதுதான். கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர், சல்லடை, பிளாஸ்டிக் வில்லை எந்த வரிசையில் இருந்தன என்பது பிறகு நினைவிருக்காது.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு) கரைத்து அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். வாஷரை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள். குமிழி வந்தால் உப்பு கரைகிறது என்று அர்த்தம். குமிழி நின்றும் வெள்ளை மிச்சமிருந்தால் புதுசாகக் கரைத்து ஊற்றுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

கரண்டிமுனை:
கழற்ற வரவில்லை என்றால் மல்லுக்கட்டாதீர்கள். சின்ன பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, குழாய் வாய் முங்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். ஷவருக்கும் இதே வைத்தியம்தான். சுடுதண்ணீர் ஷவர் சீக்கிரம் அடைக்கும், ஏனென்றால் சூட்டில்தான் உப்பு அதிகம் படியும். ராத்திரி முழுக்க மட்டும் விட்டுவிடாதீர்கள், குரோம் மங்கிவிடும்.

முக்கியமானது: மேடை கடப்பாக் கல் என்றால் வினிகர் சொட்டக்கூடாது. அது சுண்ணாம்புக் கல்; சொட்டிய இடமெல்லாம் வெளுத்து, பளபளப்பு போய்விடும். மார்பிளும் அப்படித்தான். ஈரத்துணி விரித்துக்கொள்ளுங்கள்.

பக்கெட்வாசி:
பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் அஞ்சு நிமிஷ வேலையாச்சே?

திருகாணி:
உப்போடு குரோமும் போய்விடும். அந்த சிங்கில் பிளீச்சிங் பவுடர் மிச்சம் கிடந்தால் குளோரின் வாயு வேறு கிளம்பும். வேண்டவே வேண்டாம்.

மொட்டைமாடி:
கழற்றியாச்சு. வெள்ளையாக எதுவும் இல்லை, மணல்தான். கூடவே கறுப்பாக ரப்பர் துணுக்குகள். போன வாரம் டேங்க் கழுவினார்கள்.

கரண்டிமுனை:
அப்போ சிட்ரிக் ஆசிட்டுக்கு வேலையில்லை, மணல் அதில் கரையாது. சல்லடையைத் தலைகீழாக வேறு குழாயில் காட்டினால் வந்த வழியே போய்விடும். மாட்டும் முன் சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்து அரை பக்கெட் தண்ணீர் போகவிடுங்கள், இல்லாவிட்டால் பைப்பில் நிற்கும் மிச்ச மணல் நாளைக்கே அடைக்கும். கறுப்புத் துணுக்கு இற்றுப்போன வாஷருடையதாக இருக்கலாம். சல்லடை வாஷர் பிய்ந்திருந்தால் அதே அளவில் மாற்றுங்கள். அது முழுசாக இருந்தால் சிங்க் அடியில் உள்ள கனெக்‌ஷன் டியூபைப் பாருங்கள், உள் ரப்பர் உதிர்கிறதாக இருக்கும்.

திரும்ப மாட்டும்போது டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். அங்கே கசிவை நிறுத்துவது வாஷர்தான். கையால் இறுக்கினால் போதும். ஓரத்தில் சொட்டினால் வாஷர் கோணலாக உட்கார்ந்திருக்கும், கழற்றி நேராக்கி மாட்டுங்கள்.