தறி மோட்டார் ஓடினால் எம்பியு 6050 உறைந்துபோகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சோமனூர் பக்கம் எங்கள் விசைத்தறி. அப்பாவுக்குக் காது மந்தம். நூல் அறுந்து தறி நின்றால் விளக்கு எரியட்டும் என்று தறிச் சட்டத்தில் எம்பியு 6050 என்ற அசைவை அளக்கும் சென்சாரைத் திருகி, ஆர்டுயினோ நானோ என்ற குட்டி கன்ட்ரோலர் போர்டோடு இணைத்திருக்கிறேன்.

மேசையில் எல்லாம் சரி. தறி மோட்டாரைப் போட்டதும் கொஞ்ச நேரத்தில் அளவு அப்படியே நின்றுவிடுகிறது, ரீசெட் செய்தால்தான் வருகிறது. சென்சாருக்கும் நானோவுக்கும் நடுவில் இரண்டு மீட்டர் ஒயர், மோட்டார் ஒயரை ஒட்டியே போகிறது. இரண்டும் தகவல் பரிமாறும் ஐ2சி முறை குட்டை ஒயருக்கானது, அதனால் சந்தேகம் அந்த ஒயர்மேல்தான். நானோவையே தறியில் மாட்டிவிடலாமா, ஐ2சி ஒயரின் வோல்டேஜை மேலே இழுத்துவைக்கும் புல்-அப் ரெசிஸ்டரை மாற்றினால் போதுமா?

அப்புறம், பக்கத்துத் தறி ஓடினால் நின்ற தறியின் சட்டமும் அதிர்கிறது. முன்னும் பின்னும் ஆடும் பாகத்தில் சென்சாரை வைத்து, முடுக்கத்துக்குப் பதில் அதே சென்சாரில் உள்ள கைரோவை (சுழலும் வேகத்தை அளப்பது) படித்தால் தெளிவாகப் பிரியும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த ஆட்டத்துக்கு ஒயர் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.