பாஸ்க் மக்கள் கற்காலத்தின் மிச்சமா?

முகில்வண்ணன்:
ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கும் இடத்தில், பிரனீஸ் மலையின் மேற்குக் கோடியில் வாழ்கிறார்கள் பாஸ்க் மக்கள். சுற்றியிருப்பவர்கள் எல்லாம் லத்தீனின் பிள்ளைகளைப் பேச, இவர்கள் மட்டும் எதனுடனும் ஒட்டாத எவுஸ்கரா, அதாவது பாஸ்க் மொழி, பேசுகிறார்கள். என் கட்சி இதுதான்: கற்காலத்தில் வட ஸ்பெயினின் அல்தமிரா குகையில் காட்டெருமை வரைந்தவர்களின் நேர் வாரிசுகள் இவர்கள். சான்று வேண்டுமா? பாறைக்கு அவர்கள் மொழியில் 'ஐட்ஸ்'. கோடரி 'ஐஸ்கோரா', மண்வெட்டி 'ஐட்சுர்'. கருவியைக் கல்லில் செய்த காலத்தில் வைத்த பெயர்கள்! ஆர்எச் நெகட்டிவ் ரத்தமும் இவர்களிடம் ஏறக்குறைய 30 சதவீதம். ஐரோப்பாவின் மற்ற பகுதிகளில் 15தான்.

பழைய ஓலை:
கோடரிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். 'ஐஸ்கோரா' லத்தீன் 'அஸ்கியோலா'விலிருந்து வந்த கடன்சொல் என்று விளக்கும் மொழியியலாளர்கள் உண்டு. மண்வெட்டி கல்லிலிருந்தே வந்தது என்று வைத்துக்கொண்டாலும் என்ன? ஆங்கிலத்தின் 'ஹாமர்' என்ற சொல்லின் மூலமும் கல்தான். லண்டன்காரர் நேற்றுத்தான் குகையை விட்டு வந்தார் என்று சொல்வோமா?

ரத்த வகை ஒரே ஒரு மரபணு சொல்கிற செய்தி. அதை விட்டு எலும்புக்கு வாருங்கள். வட ஸ்பெயினின் அடாபுவெர்காவில் கிடைத்த எட்டுப் பேரின் மரபணுவை 2015இல் வெளியிட்டார்கள். 3,500 முதல் 5,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உழவர்கள் அவர்கள். இன்று உயிரோடு இருப்பவர்களில் அவர்களுக்கு மிக நெருக்கம் பாஸ்க் மக்கள். அந்த உழவர்களின் பெரும்பங்கு மரபு அனத்தோலியா, அதாவது இன்றைய துருக்கி, பக்கமிருந்து வந்தது. குகை ஓவியர் வாதம் அங்கேயே நொண்ட ஆரம்பித்துவிட்டது.

முகில்வண்ணன்:
சரி, வேடன் இல்லை, உழவன். மொழி 7,000 வருடப் பழசு என்று திருத்திக்கொள்கிறேன். போதுமா?

தாமரைக்குளம்:
போதாது. 2019இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த ஐபீரியா முழுவதற்குமான பழைய மரபணு ஆய்வு வந்தது. கி.மு. 2000 அளவில், கருங்கடலுக்கு வடக்கே இருந்த புல்வெளி மக்களின் மரபுடையவர்கள் வந்து கலந்ததில், மரபுவழியில் சுமார் 40 சதவீதம் மாறிவிட்டது. தந்தைவழிக் குரோமோசோமோ கிட்டத்தட்ட முழுவதுமே மாறிவிட்டது. பாஸ்க் ஆண்களும் இதில் விலக்கில்லை. அப்பன்வழி எல்லாம் வந்தவர்களுடையது, மொழி மட்டும் எப்படி நின்றது?

அம்மாக்கள் பிள்ளைகளிடம் பேசியதால் நின்றது என்று சொல்லத் தோன்றும். எனக்கும் அதுதான் பிடித்த விளக்கம், ஆனால் பிடித்திருப்பதால் மட்டும் உண்மையாகிவிடாதே. வந்தவர்கள் எல்லாரும் லத்தீனும் சமஸ்கிருதமும் சேர்ந்த இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து மொழிதான் பேசினார்கள் என்று எலும்பில் எழுதியிருக்கவில்லை. அப்புறம், பாஸ்க் மக்கள் இன்று தனித்துத் தெரிவதற்குக் காரணம் கற்காலம் இல்லை. இரும்புக் காலம் வரை அக்கம்பக்கத்தார் மாதிரியேதான் இருந்தார்கள். பின்னால் ரோமானியக் கலப்பும் வட ஆப்பிரிக்கக் கலப்பும் தெற்கே போல இங்கே ஏறவில்லை, அவ்வளவுதான்.

நெய்தல்:
எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள், நம் பக்கம் பார்க்கவே மாட்டீர்களா? பாஸ்க்கில் வீடு 'எட்சே'. வீட்டில் 'எட்சேயன்', வீட்டிலிருந்து 'எட்சேடிக்', வீட்டுக்கு 'எட்சேரா'. உருபைப் பின்னால் ஒட்டுவது நம் வழி. வினை கடைசியில். இன்னொன்று: ரகரத்தில் சொல் தொடங்காது. அரசனைக் குறிக்கும் லத்தீன் 'ரேகெம்' அங்கே 'எர்ரெகே' ஆனது, இங்கே ராமன் இராமன் ஆனான். 'ஊர்' என்றால் தண்ணீர், நம் ஊற்று. 'சு' என்றால் நெருப்பு, நம் சுடு. திராவிடத்தோடு பாஸ்க்கை இணைத்து 1963இலேயே லாகோவரி எழுதியிருக்கிறார்.

பழைய ஓலை:
லாகோவரியை நானும் அறிவேன். பாஸ்க் வரலாற்று மொழியியலை நிலைநிறுத்திய கோல்டோ மிட்செலேனாவின் வழியில் போனவர்கள் யாரும் அந்த இணைப்பை ஏற்கவில்லை. உருபு ஒட்டுவது துருக்கியிலும் ஜப்பானிலும் உண்டு. வினை கடைசியில் வருவதும் அப்படியே. நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று: பாஸ்க்கில் 'மனிதன் வந்தான்' என்றால் 'கிசோனா', 'மனிதன் ரொட்டி தின்றான்' என்றால் 'கிசோனக்'. செயப்படுபொருள் வந்தவுடன் எழுவாய்க்கு உருபு ஏறுகிறது. தமிழில் இது உண்டா? இரண்டு மொழிகளிலும் பல்லாயிரம் சொற்கள். ஊற்று, சுடு என்று நாலு ஒப்புமை தேடினால் எந்த இரண்டு மொழியிலும் கிடைக்கும். கண் அங்கே 'பெகி', கை 'எஸ்கு', பெயர் 'இசென்'. இவற்றை ஏன் எடுக்கவில்லை?

மணப்பாட்டான்:
நடுவில் ஒரு செய்தி. தமிழும் பாஸ்க்கும் நேருக்கு நேர் சந்தித்தது எங்கள் முத்துக்குளித்துறையில்தான். புனித சவேரியார் 1506இல் நவார் நாட்டில் பிறந்தவர், தாய்மொழி பாஸ்க். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் மொழி மலபார், என்னுடையது பாஸ்க், அதனால் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை என்கிறார். மலபார் என்று அவர் சொன்னது தமிழை. பிறகு இரு மொழி தெரிந்தவர்களைக் கூட்டி, ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். உறவு மொழியாக இருந்தால் இத்தனை பாடு எதற்கு?

நெய்தல்:
அண்ணாச்சி, இது வாதமே இல்லை. பலுசிஸ்தானில் பேசும் பிராகுயி திராவிட மொழிதான். அங்கே போய் நின்றால் உங்களுக்கு ஒரு வார்த்தை புரியுமா?

பழைய ஓலை:
நெய்தல் இங்கே சொல்வது சரி. சவேரியாருக்குப் புரியாதது எதையும் நிரூபிக்காது. ஆனால் அதே பிராகுயியை வைத்தே பாருங்கள். கண் அங்கே 'ஃகன்', கல் 'ஃகல்'. இங்கே சொல் முதலில் ககரம் இருக்கும் இடத்தில் அங்கே தொண்டை உரசும் ஒலி, ஒரு சொல்லில் மட்டும் அல்ல, வரிசையாக. உறவு என்றால் இப்படி ஒழுங்காக மாற வேண்டும். பாஸ்க்குக்கும் தமிழுக்கும் இடையே இப்படி ஒரு வரிசையைக் காட்டுங்கள், நான் கட்சி மாறுகிறேன்.

நெய்தல்:
தேடிப் பார்க்கிறேன். ராமன் இராமன் ஆனதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முகில்வண்ணன்:
என் கேள்விக்கு வாருங்கள். பழமைக்கு உறுதியான சான்று எதுவரை போகிறது?

பழைய ஓலை:
பிரான்சின் தென்மேற்கில் ரோமானியர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. எழுத்தும் மொழியும் லத்தீன், உள்ளே இருக்கும் பெயர்கள் உள்ளூர்க்காரர்களுடையவை. அக்விடானிய மொழி என்கிறார்கள். 'நெஸ்கடோ', 'கிசோன்', 'அந்தெரே', 'செம்பே'. இன்றைய பாஸ்க்கில் நெஸ்கடோ சிறுமி, கிசோன் ஆண், அந்தெரே பெண், செமே மகன். பல கல்வெட்டுகள் இன்றைய பாஸ்க் எல்லைக்குக் கிழக்கே வெகு தூரத்தில் கிடைத்தவை. எனக்கு எந்த டிஎன்ஏ ஆய்வையும் விட இந்தக் கல்லறைப் பெயர்கள்தான் பெரிது, ஏனென்றால் மரபணுவுக்குப் பேசத் தெரியாது.

முகில்வண்ணன்:
இருலெகிக் கையை மறந்துவிட்டீர்களே! 2021இல் பம்பலோனா அருகே கிடைத்த வெண்கலக் கை. கி.மு. 1ஆம் நூற்றாண்டு. விரல்கள் கீழ்நோக்கி இருக்க, வாசலில் ஆணியில் மாட்டியிருக்கிறார்கள், நாம் திருஷ்டிக்குக் கட்டுவது போல. முதல் சொல் 'சொரியோனெகு'. இன்றைய 'சொரியோனெகோ', நல்லதிர்ஷ்டமுள்ள.

தாமரைக்குளம்:
அந்த முதல் சொல்லை எப்படி வாசிப்பது என்பதிலேயே சண்டை நடக்கிறது. மற்ற சொற்களுக்கு ஒப்புக்கொண்ட பொருளே இல்லை. இருண்யா-வெலெயா என்ற ரோமானிய ஊரில் கிடைத்ததாகச் சொன்ன, பாஸ்க் சொற்கள் கீறிய ஓட்டுச்சில்லுகளை 2006இல் இப்படித்தான் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2008இல் போலி என்று தெரிந்தது. இருலெகிக் கை முறையான அகழாய்வில் கிடைத்தது, போலி என்று நான் சொல்லவில்லை. ஒரு சொல்லில் எவ்வளவு பாரம் ஏற்றுகிறோம் என்றுதான் கேட்கிறேன்.

முகில்வண்ணன்:
ஆக, 2,000 வருடம் கையில், மீதி 5,000 கடன்.

மணப்பாட்டான்:
அந்தக் கடனை நீங்களே கட்டுங்கள். சேவியர் என்ற பெயரே பாஸ்க்தான், தெரியுமா? எட்சே பெர்ரி, அதாவது புது வீடு. எங்கள் தெருவில் மட்டும் மூன்று சேவியர். ஒருவனிடம் இன்று காலை சொன்னேன். "மச்சான், நான் பதினைந்து வருஷமா வாடகை வீடு" என்கிறான்.