காப்பகப் பிள்ளைகளின் மீள்திறனை வினாத்தாளால் மட்டும் அறிய முடியுமா?

கேள்வி:
சமூகப்பணி முதுகலை ஆய்வுக்காக, ஒரு காப்பகத்தில் தங்கிப் படிக்கும் 12 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளிடம், துன்பத்திலிருந்து அவர்கள் மனம் எப்படி மீள்கிறது என்று கேட்டறிந்து வருகிறேன். முன்னோட்டமாக வினாத்தாளைக் கொடுத்தபோது, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எல்லாவற்றுக்கும் ‘எப்போதும்’ என்ற கட்டத்திலேயே குறியிட்டுவிட்டு, “இதை வார்டன் சார்கிட்ட காட்டுவீங்களா அக்கா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டான். மதிப்பெண்படி பார்த்தால், அங்கே மீள்திறன் மிகுந்தவன் அவன்தான். இந்தத் தரவை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில் 1:
அவன் கேட்டதைக் களக்குறிப்பில் அப்படியே எழுதி வையுங்கள். அந்தத் தாளில் உள்ள குறிகளைவிட அது கூடுதலாகச் சொல்கிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர்களான எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வறுமை, குடும்பப் பூசல், பெற்றோரின் குடிப்பழக்கம், மனநோய் போன்ற இடர்களில் நான்கோ அதற்கு மேலோ இரண்டு வயதுக்குள்ளேயே சூழ்ந்துவிட்ட பிள்ளைகளிலும், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் பரிவும் உள்ளவராக வளர்ந்தார். பிறவிக் குணத்துக்கும் அதில் பங்கு உண்டு என்றாலும், தாத்தா பாட்டியோ அண்ணன் அக்காவோ ஆசிரியரோ, நம்பிச் சாய ஒருவராவது அவர்களுக்கு இருந்தார். ஆகவே, “நீ எவ்வளவு உறுதியானவன்?” என்பதை விட்டுவிட்டு, “இரவில் காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவாய்?” என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் 2:
இதை ஏற்கிறேன், ஆயினும் வினாத்தாளையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கனடாவின் மீள்திறன் ஆய்வாளர் மைக்கேல் உங்கரின் குழு 11 நாடுகளில் பணியாற்றி உருவாக்கிய 28 கேள்விகள் கொண்ட அளவுகோல், பசித்தால் உண்ண உணவு கிடைக்கிறதா என்பதையும் கேட்கிறது. மீள்திறன் பிள்ளைக்குள் மட்டும் இருப்பதில்லை, அவனைச் சுற்றியும் இருக்கிறது என்ற புரிதல் அதில் உண்டு. நிர்வாகத்தின் அனுமதி மட்டும் போதாது, பிள்ளையின் சம்மதமும் வேண்டும். வார்டன் அறைக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். இன்னொன்று: கவாயில் பதின்ம வயதில் தடுமாறியவர்களிலும் பெரும்பாலோர் முப்பதுகளில் நிமிர்ந்துவிட்டார்கள். பதினான்கு வயதுப் பையனை ‘மீளாதவன்’ என்று எந்த அட்டவணையிலும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று வேப்பமரத்தடியில் அவனிடம் அதையே கேட்டேன். “சமையல்கட்டு அக்காவை எழுப்புவேன், ஆனா ஞாயித்துக்கிழமை அவங்க இருக்கமாட்டாங்க” என்றான். அவரையும் நேர்காணலில் சேர்க்க என் நெறியாளரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.